தோட்டக்காட்டில் பழம் பறிப்பவருக்கு

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்து, பிறகு சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்துவிட்ட நம்மவர்கள், பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, செம்மண் பாதையின் இருமருங்கிலும் கறுத்தும் சிவந்தும் பழுத்து நிற்கும் சிறு பழங்களைக் கண்டு, "இதுதானே சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் பிளாக்பெர்ரி? பறித்துத் தின்னலாமா?" என்று அப்பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குத் திடமாக ஒரு விடை சொல்ல இயலாமல் தயங்குவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு ஆயாக்கொட்டகையை விட்டு வெளியேறிய வயதுச் சிறுவனே அக்கேள்விக்கு விடை சொல்லியிருப்பான். இன்று பெற்றோருக்கே அது மறந்துபோய், "தொடாதே" என்ற ஒற்றைச் சொல்லில் விஷயம் முடிந்துவிடுகிறது. தொடாதே என்பது பாதுகாப்பான விடைதான். ஆனால் அறிந்து தொடாமல் இருப்பதற்கும் அஞ்சித் தொடாமல் இருப்பதற்கும் உள்ள தூரம் பெரிது. ஆகையால் இந்தப் பழங்களைப் பற்றி நான் அறிந்ததைச் சற்று விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன்.

பிளாக்பெர்ரியும் ராஸ்பெர்ரியும் சேர்ந்த பேரினத்துக்குத் தாவர சாஸ்திரிகள் ரூபஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். குளிர்தேசத்துக் கனி என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தாலும், இதன் கிளைகள் உஷ்ணப் பிரதேசத்து மலைகளிலும் பரவியிருக்கின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதன் சகோதர இனங்கள், சில மஞ்சளாகவும் சில கருஞ்சிவப்பாகவும், வேலியோரங்களில் இன்றும் பழுக்கின்றன. மலேசியத் தீபகற்பத்தில் நமக்குக் கிடைப்பவற்றுள் முக்கியமானது ரூபஸ் மொலுக்கானஸ் என்னும் கொடி. திதிவங்சா மலைத்தொடர் தெற்கே வந்து தாழ்ந்து முடிகிற மாநிலமல்லவா நெகிரி செம்பிலான்! சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் நடுவே புக்கிட் புத்துஸ் கணவாயை ஒட்டியும், ஜெலுபு செல்லும் மலைப்பாதையை ஒட்டியும், காடு முடிந்து வெயில் தொடங்குகிற அந்த எல்லைக்கோட்டில்தான் இப்படிப்பட்ட கொடிகளைத் தேட வேண்டும். அடர்ந்த காட்டின் நிழலில் இது செழிப்பதில்லை. வெட்டவெளியின் கொடும் வெயிலிலும் இதற்கு விருப்பமில்லை.

அதன் அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தானே நிமிர்ந்து நிற்கும் வலிமையற்று, பக்கத்துப் புதர்களின் மீது சாய்ந்தும் தொற்றியும் ஏறும் உருண்ட தண்டு. அந்தத் தண்டிலும் இலைக்காம்பிலும், உடையைப் பற்றினால் எளிதில் விடாதபடி பின்னோக்கி வளைந்த சிறு முட்கள். ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்த, மூன்றாகவோ ஐந்தாகவோ மடல் பிரிந்த அகன்ற இலைகள். அந்த இலையின் மேற்புறம் சொரசொரப்பாகவும், திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெளிறிய அல்லது பழுப்பேறிய மெல்லிய ரோமங்களால் கம்பளி போர்த்தாற்போலவும் இருக்கும். பூ வெள்ளை நிறம், இதழ் ஐந்து. கனியோ ஒரே காம்பின் தலையில் பற்பல சிறு மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி, ஒரே உருண்டையாகத் திரண்டது. ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு சிறு கொட்டை. இத்தனை அடையாளங்களும் ஒருசேரப் பொருந்தினால் சந்தேகத்துக்கு இடமில்லை. புளிப்பும் இனிப்பும் கலந்த சுவை; சில இடங்களில் புளிப்பே மேலோங்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மலையோரத்து இந்தக் கனி, முற்றப் பழுத்த நிலையிலும் கறுப்பதில்லை, செக்கச்சிவந்து நிற்கும். கறுப்பு என்று நினைத்துக்கொண்டு தேடுகிறவர், உண்மையான பழத்தை "இன்னும் பழுக்கவில்லை" என்று கடந்துபோய், கீழே தோட்டத்து ரோட்டோரத்தில் கறுத்த மணிகள் கொத்தாகத் திரண்டிருக்கும் வேறொரு செடியின் முன் போய் நிற்பார். அச்செடிக்கும் முள் உண்டு. அதுவும் புதராகப் படரும். அதன் பழமும் பல மணிகள் சேர்ந்த உருண்டைபோலத் தோன்றும். அதுதான் உண்ணிச்செடி.

உண்ணிச்செடியை அறியாத தமிழர் யார்? தமிழ்நாட்டுக் குன்றுகளையும் வேலிகளையும் அது மூடிக் கிடக்கிறது. அமெரிக்க உஷ்ணப் பிரதேசத்தைப் பூர்விகமாகக் கொண்ட இந்த லந்தானாவை 1809-ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். பிறகு அது தன் போக்கில் பரவிவிட்டது. மலாய்க்காரர்கள் இதைப் பூங்ஙா தஹி ஆயாம் என்கிறார்கள். ரோஜா, மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை என்று ஒரே கொத்தில் பல வர்ணங்கள் கலந்து பூப்பதால் இதை விரும்பி வளர்ப்பவரும் உண்டு. ஊரிலிருந்து சஞ்சிக்கூலிகளாக வந்த நம் முன்னோர்கள், அங்கே சிறுவயதில் உண்ணிப்பழம் தின்ற ஞாபகத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். நன்றாகக் கறுத்துக் கனிந்த உண்ணிப்பழத்தைத் தின்று ஒரு கேடும் நேராதவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள் என்பதையும் நான் மறைக்கவில்லை.

ஆயினும் அதைப் பறிக்கலாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஏனெனில் உண்ணியின் ஒரே கொத்தில் கறுத்த பழமும் பச்சைக் காயும் அடுத்தடுத்து இருக்கும். அந்தப் பச்சைக் காயில் விஷம் உண்டு. இலையைத் தின்ற மாடுகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து உரிவதைத் தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பங்கள் அறியும். வெள்ளை மூக்கும் வெள்ளை மடியும் உள்ள பசுக்களிடம் அது சீக்கிரம் வெளிப்படும். காய்களைத் தின்ற குழந்தைகளில் ஒருவர் உயிரிழந்ததை 1964-இல் வெளிவந்த அமெரிக்க மருத்துவ இதழொன்றின் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. பழத்துக்கும் காய்க்கும் இடையே உள்ள நிறவேற்றுமையை நம்பி ஐந்து வயதுக் குழந்தையின் விரல்களை அனுப்புவது விவேகமாகாது.

ரூபஸையும் உண்ணியையும் பிரித்தறிவது, கண்ணை மட்டுமல்லாமல் கையையும் மூக்கையும் உபயோகிப்பவருக்கு மிகச் சுலபம். உண்ணியின் இளந்தண்டை விரலிடையே உருட்டிப் பார்த்தால் அது உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். ரூபஸின் தண்டு உருண்டை. உண்ணியின் இலைகள் ஒரே கணுவில் எதிரெதிராக ஜோடி சேர்ந்து நிற்கும். ரூபஸில் மாறி மாறி நிற்கும். உண்ணியிலையைக் கசக்கினால் மூக்கைத் தாக்கும் ஒரு நெடி எழும். ரூபஸ் இலையில் அப்படி ஒன்றும் இல்லை. உண்ணியின் மணிகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தாலும் ஒட்டியிருப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே கிள்ளி எடுக்கலாம், ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். ரூபஸின் மணிகளோ ஒரே கனியின் அங்கங்கள். ஒரே ஒரு குறியை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. தண்டு, இலை, நெடி, கனி ஆகிய நான்கும் ஒன்றையே சொன்னால்தான் வாயில் வைக்கலாம்.

இனி, தோட்டத்துப் பிள்ளைகள் உண்மையிலேயே தின்று வளர்ந்த கறுத்த பழங்களுக்கு வருகிறேன். மலையேறாமலே, கித்தாக்காட்டின் (ரப்பர் தோட்டத்தின்) ஓரத்திலும் மண்மேட்டிலும் கிடைத்தது செண்டுடுக். ஊதா நிறத்தில் ஐந்து அகன்ற இதழ்களோடு, நடுவே மஞ்சள் கேசரங்கள் வளைந்து நிற்கப் பூக்கும் இந்தச் செடியை மலேசியாவில் பார்க்காமல் இருப்பதுதான் அரிது. புளித்துக் களைத்த மண்ணில், மற்றச் செடிகள் பிழைக்கத் தயங்கும் இடத்தில் இது மகிழ்ச்சியாக வளரும். மண்ணிலுள்ள அலுமினியத்தைத் தன் இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும் அபூர்வமான இயல்பு இதற்கு உண்டு. இலையில் காம்பிலிருந்து நுனிவரை வளைந்தோடும் நரம்புகள் சிலவே, ஆயினும் மிகத் தெளிவாகத் தெரியும். அதுவே இதன் முத்திரை. கனி ஒரு சிறு கிண்ணம். முற்றியதும் அது தானாகவே ஒழுங்கின்றி வெடித்துத் திறக்க, உள்ளே கருநீலச் சதையும் அதில் பதிந்த செம்மஞ்சள் விதைகளும் தெரியும். வெடிக்காததைப் பறிக்க வேண்டியதில்லை. சுவை மெல்லிய இனிப்பு, முடிவில் சற்றுத் துவர்ப்பு. தின்றவனின் நாக்கும் உதடும் பல்லும் கறுத்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையனை வாத்தியார் கண்டுபிடிக்க வேறு சாட்சியம் தேவைப்பட்டதில்லை.

போர்ட்டிக்சன் பக்கத்து மணல்நிலத்தில் கெமுந்திங் என்றொரு பழம் உண்டு. கொய்யாவின் தூரத்து உறவு; தலையில் ஐந்து சிறு இதழ்களாலான கிரீடத்தோடு ஊதாக்கறுப்பாகப் பழுக்கும். இதில் ஏமாறுவதற்கு ஒன்றுமில்லை. மணத்தக்காளியைப் பற்றித் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் காய் ஆகாது, கறுத்த பழம் ஆகும் என்ற பாடத்தை நமக்கு முதன்முதலில் சொல்லித் தந்த செடி அதுதான்.

இதுவரை எழுதியது தாவர சாஸ்திரம். எந்த நூலிலும் கிடைக்கும். ஆனால் தோட்டக்காட்டில் பழத்தை அறிவது பாதிக் காரியம். பழம் நிற்கும் நிலத்தை அறிவது மறுபாதி, அதுவே பெரும்பாதி. நூல்கள் விஷப்பழத்தைப் பற்றியே எச்சரிக்கின்றன. தோட்டத்திலோ நல்ல பழத்தின் மேல் விஷம் விழுகிறது. செண்டுடுக்கும் படர்கொடிகளும் நமக்குப் பழச்செடிகள். தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் அவை களைகள். செம்பனையின் அடியைச் சுற்றி வெட்டவெளியாக வைக்கப்படும் வட்டம், குலை சுமந்து வரும் பாதை, வடிகாலின் கரை ஆகிய இடங்களிலெல்லாம் ஆண்டுக்குப் பலமுறை மருந்தடிப்பு நடக்கும். தண்டு முற்றிய செண்டுடுக் போன்ற புதர்களுக்கென்று தனி மருந்துகளே இருக்கின்றன. நாம் எதைத் தேடிப் போகிறோமோ, அதைக் குறிவைத்தே மருந்து அடிக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

இந்த அறிவைப் பெற்றவர்கள் வெளிக்காட்டு வேலை செய்த நம் பெண்கள். என் பெரியம்மா பல ஆண்டுகள் மருந்துப் பம்பை முதுகில் சுமந்தவர். பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து தண்டல் நிரை பிரித்துக் கொடுத்ததும், எந்த நிரையில் என்ன மருந்து என்று அவருக்கு மனப்பாடம். அடித்து முடித்த நிரையின் தலைப்பில் ஒரு கிளையை ஒடித்துக் குறுக்கே போட்டுவிட்டு வருவார்; மாலையில் லயத்துப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, "கெள ஒடிச்சுப் போட்டிருக்கிற நெரைப் பக்கம் போவாதீங்கடா கண்ணுங்களா. பழம் நல்லாத்தான் இருக்கும். மழ பேஞ்சாலும் அது போவாது" என்பார். "கழுவிட்டுத் தின்னா, பெரியம்மா?" என்று நான் கேட்டதற்கு, "மேல ஒட்டினத கழுவலாம். உள்ள போனத எப்படிடா கழுவுவ?" என்றார். கிளைபோசேட் போன்ற மருந்துகள் இலையின் வழியே செடிக்குள் புகுந்து சாற்றோடு கலந்து வேர், துளிர், கனி என்று எங்கும் செல்லக்கூடியவை என்று பின்னாளில் நூல்களில் படித்தபோது, பெரியம்மா ஒற்றை வரியில் சொன்னதைத்தான் அவை பல பக்கங்களில் சொல்கின்றன என்று கண்டேன்.

மருந்து பட்ட நிலத்தைக் கண்டறியும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் பாராகுவாட் அடித்த இடம் வெயில் ஏறிய சில மணி நேரத்திலேயே தீய்ந்து பழுப்பாகிவிடும். அதைப் பார்த்தவர் யாரும் விலகிப் போவார். கிளைபோசேட் அப்படியன்று. அடித்த பிறகும் செடி சில நாட்கள் பச்சையாகவே, பழமும் பூவுமாகவே நிற்கும். பிறகே மெதுவாக மஞ்சளாகும். பச்சையாக இருக்கும் அந்த இடைவெளியே அதிக ஆபத்தானது. ஆகையால் தனிச்செடியைப் பாராமல் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். புல்லெல்லாம் ஒரே நேர்கோட்டில் வெளிறியிருக்கிறதா, துளிர்கள் சுருண்டு முறுக்கிக்கொண்டிருக்கின்றனவா, பனையின் வட்டம் துடைத்தாற்போல் இருக்கிறதா, காலி மருந்து டின் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த நிரை உங்களுக்கு உரியதன்று. பனையடியில் மெழுகுக் கட்டிபோல் ஏதேனும் கிடந்தால் அது எலிமருந்து; குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாராகுவாட் என்ற பெயரைச் சொல்லிவிட்டு அதன் விருத்தாந்தத்தைச் சொல்லாமல் போக என் மனம் ஒப்பவில்லை. ஒரு மடக்கு உள்ளே போனாலும் உயிரைக் கொல்லும், முறிமருந்தே இல்லாத அந்தத் திரவத்தைத் தோட்டங்களில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்று விழுந்ததும், மூக்கில் ரத்தம் வடிந்ததும், தோல் வெந்ததும் அவர்களுக்கு அன்றாட வழக்கமாக இருந்தன. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகனித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்போடு சேர்ந்து, இந்தப் பெண்களின் துயரத்தை 2002-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அவ்வாண்டே மலேசிய அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்யத் தீர்மானித்தது. 2006-இல் அத்தீர்மானம் தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியில்தான் தடை முழுமையாக அமலுக்கு வந்தது. இடையில் கழிந்த அந்த ஆண்டுகளில் பம்பு சுமந்த முதுகுகளை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. காட்டுப்பழத்தைப் பற்றி எழுதும் ஒருவன் இதை எழுதலாமா என்று யாரேனும் நினைக்கலாம். எந்தப் பழத்தைத் தின்னலாம் என்று நமக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தப் பெண்களே. அந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் அறிவை மட்டும் எடுத்துக்கொள்வது முறையாகாது.

இப்போது மருந்தடிக்கும் வேலையைச் செய்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் லொம்போக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். நீங்கள் ஏதேனும் தோட்டத்துக்குள் பழம் பறிக்கப் போவதாயின், முதலில் ஆபீசில் கிராணியிடமோ மேனேஜரிடமோ அனுமதி கேளுங்கள். தோட்டம் தனியார் சொத்து. அடுத்ததாக, பம்போடு வரும் ஒருவரை நிறுத்தி, எங்கே, எப்போது அடித்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அரைகுறை மலாயில் அவர் கை காட்டிச் சொல்லும் விடை, நான் எழுதும் இந்தப் பக்கங்களைவிட உங்களுக்குப் பிரயோஜனமானது. விடை கிடைக்காவிட்டால் பறிக்காதீர்கள். கைவிடப்பட்ட சிறுதோட்டங்களின் ஓரமும், தெரிந்தவர்களின் டூசுனும் (பழத்தோப்பும்), மருந்து படாத மலைச்சரிவும் போதுமான பழம் தரும்.

மருந்தைத் தவிர இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போப் பகுதிப் பன்றிப் பண்ணைகளில் தோன்றி, போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்கில் பேருருக் கொண்ட மூளைக்காய்ச்சலை மறந்தவர் இங்கே இருக்கமாட்டார். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்தைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து புதியதொரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்தக் கிராமத்தின் பெயரே உலகெங்கும் அந்நோய்க்குப் பெயராயிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. பன்றித்தொழுவத்தை ஒட்டிய பழமரங்களுக்கு வந்த பழந்தின்னி வௌவால்கள் கடித்துப்போட்ட பழங்களின் வழியே கிருமி பன்றிக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளரின் முடிவு. ஆகவே கீழே விழுந்து கிடக்கும் பழத்தையும், பல்தடம் பதிந்த பழத்தையும், அது கொய்யாவோ ஜம்புவோ எதுவாயினும் எடுக்கக் கூடாது. பாதி நல்லாயிருக்கிறதே என்று அறுத்துத் தின்பது நம் வீடுகளில் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும்.

மற்றொன்று எலி. செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. அதை ஒழிக்கத்தான் தோட்டங்களில் ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் மலேசியாவில் 2010 முதல் கட்டாயமாக அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்று. எனவே தரையை ஒட்டிக் கிடக்கும் பழத்தை விட்டு, முழங்காலுக்கு மேலே உள்ளதைப் பறியுங்கள். வடிகால் நீரிலும் ஓடைநீரிலும் கழுவாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன நீரில் கழுவுங்கள். பறிக்கும் கையில் கீறல் இருந்தால் கையுறை அணியுங்கள்.

பறவை தின்னும் பழத்தை மனிதனும் தின்னலாம் என்று ஒரு நம்பிக்கை வழங்கி வருகிறது. அதை நம்பவே கூடாது. பறவை விதையை உடைக்காமல் விழுங்கி அப்படியே கழித்துவிடுகிறது. அதன் குடலும் நம் குடலும் ஒன்றல்ல. தொடவே கூடாத சில செடிகளையும் சொல்லிவிடுகிறேன். லயத்து வேலிகளில் காட்டாமணக்கு வளர்ந்த காலத்தில் அதன் கொட்டையை நிலக்கடலைபோல் உடைத்துத் தின்று வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்த பிள்ளைகள் எத்தனை பேர்! அழகுக்காகக் கோத்து விளையாடும் குன்றிமணியை மென்றால் அதைவிடக் கொடுமை. காட்டோரத்து நிழலில் நீண்ட வாள்போன்ற இலைகளோடு நின்று, பளிச்சென்ற நீலப் பழம் தரும் சியாக்-சியாக், எலியைக் கொல்லப் பயன்படுத்தப்பட்ட செடி; நீலமாக இருப்பதால் புளூபெர்ரி என்று எண்ணி யாரும் கை நீட்ட வேண்டாம். எதையேனும் தின்று குழந்தைக்கு உடம்பு சரியில்லாமற் போனால், விரல்விட்டு வாந்தி எடுக்கச் செய்யாமல், தின்ற செடியின் கிளையொன்றை இலையும் காயுமாக ஒடித்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இயங்கிவரும் தேசிய விஷ மையம், மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இவ்விஷயத்தில் ஆலோசனை வழங்குகிறது.

கடைசியாக ஒரு பழத்தை மீதம் வைத்திருக்கிறேன். செண்டுடுக்கின் நெருங்கிய உறவாகிய கிளிடெமியா, மலாயில் செண்டுடுக் பூலு. தண்டெங்கும் செந்நிற முரட்டு மயிர், பூ வெள்ளை, பழம் கருநீலம், மேலே மெல்லிய ரோமம். இதன் சுவை செண்டுடுக்கினும் மேல். நான் தின்ற தோட்டப்பழங்களில் கடைத்தெருவின் புளூபெர்ரிக்கு மிக அருகில் வருவது இதுவே. இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். உலகின் மிகக் கெட்ட நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் உண்ணிச்செடியோடு இதன் பெயரும் இருக்கிறது.

வெட்டவெளியில் வளர்வதோடு இது நின்றிருந்தால் கவலை இல்லை. நெகிரி செம்பிலானில் சிம்பாங் பெர்த்தாங் பக்கத்தில் பாசோ என்ற வனக்காப்பகம் இருக்கிறது. 1980-களின் நடுவில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் அங்கே 50 ஹெக்டர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள மரக்கன்று முதற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, 800-க்கும் மேற்பட்ட மரவகைகளைக் கணக்கெடுத்தது. அந்தக் காட்டைச் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன. செம்பனைப் பழத்தைத் தின்று கொழுத்துப் பெருகிய காட்டுப்பன்றிகள், குட்டி ஈனும் காலத்தில் காட்டுக்குள் போய் இளமரக்கன்றுகளை ஒடித்துக் குவித்துக் கூடு கட்டுகின்றன, நிலத்தைக் கிளறுகின்றன. 1990-களின் நடுவில் அங்கே எண்ணப்பட்ட பன்றிகள் சதுர கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டின. அப்படித் திறந்துவிட்ட மண்ணிலும் வெளிச்சத்திலும், பறவையும் பன்றியும் சுமந்துவந்த கிளிடெமியாவின் விதைகள் முளைத்து, மனிதன் கோடரி வைக்காத உட்காடுவரை போய்விட்டன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தோட்டத்தின் பாதிப்பு தோட்டத்தின் எல்லையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா?

ஆகவே மருந்து படாத இடத்தில் கிளிடெமியாவைக் கண்டால் தாராளமாகப் பறியுங்கள். ரூபஸைப் பறவைக்குக் கொஞ்சம் விட்டுவைப்பதுபோல் இதை விட்டுவைக்க வேண்டியதில்லை. ஆனால் தின்றுகொண்டே காட்டுப்பாதையில் நடந்து விதையைத் துப்பிச் செல்லாதீர்கள். ஒரே பழத்தில் நூற்றுக்கணக்கான நுண்விதைகள் இருக்கின்றன. டப்பாவில் மூடி வீட்டுக்குக் கொண்டுபோய், உப்புநீரில் சற்று நேரம் போட்டுப் புழுவை நீக்கி, பாதியளவு சர்க்கரையும் ஓர் எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து நிதானமான தீயில் கிளறி இறக்கினால் இட்லிக்கும் ரொட்டிக்கும் தொட்டுக்கொள்ளலாம். முதன்முறை தின்பவர் இரண்டு மூன்று பழத்தோடு நிறுத்தி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கட்டும். பழத்தைப் பறித்த அதே நாளில் அங்ஸி மலைக்கோ பாசோவுக்கோ போவதாக இருந்தால், காட்டுக்குள் நுழையும் முன்பு பூட்ஸின் அடியில் ஒட்டிய மண்ணை ரோட்டிலேயே சுரண்டித் தட்டிவிட்டுப் போங்கள்.